கறுப்புக் கட்டைக்கு ஏன் இரண்டு பெயர்?

இசை: வாசகர் கேள்வி, பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: ஷார்ப், பிளாட், நச்சுரல். எனக்கு இது மெத்தச் சந்தோஷம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காது நல்ல காது. ஒரு தரம் கேட்ட பாட்டை அப்படியே திருப்பிப் பாடிவிடுவார்கள். சுரம் எழுதிய தாளை முன்னால் வைத்தவுடன்தான் கை நின்றுவிடுகிறது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இந்த மூன்று குறிகளை மட்டும் இந்த முறை எடுக்கிறேன்.

கேள்வி: என் மகள் வட இலங்கை சங்கீத சபைச் சோதனையில் மூன்றாம் தரம் வரை வாய்ப்பாட்டு முடித்தவள். இப்போது கீபோர்ட் பழகுகிறாள். ஒரே கறுப்புக் கட்டையை ஆசிரியர் ஒரு பாட்டில் சி ஷார்ப் என்கிறார், இன்னொரு பாட்டில் டி பிளாட் என்கிறார். பிள்ளை குழம்பிப்போய் இருக்கிறாள். எது சரி?
(ஒரு தாய், மானிப்பாய்)

பதில்: இரண்டும் சரி அம்மா. ஆனால் அந்தந்தப் பாட்டில் அந்தந்தப் பெயர்தான் சரி. மாற்றிப் போட முடியாது.

முதலில் குறிகளைப் பார்ப்போம். சி-யிலிருந்து மேல் சி-க்குப் போகப் பன்னிரண்டு படிகள். பக்கத்துக் கட்டைக்கு நகர்வது ஒரு படி. அந்தக் கட்டை வெள்ளையோ கறுப்போ, எதுவானாலும் ஒரு படிதான். இதைச் செமிடோன் என்பார்கள். சொந்தப் பெயர் ஏழு வெள்ளைக் கட்டைகளுக்கு மட்டுமே உண்டு: சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி. ஒரு சுரத்துக்கு முன்னால் ஷார்ப் இருந்தால் அதை ஒரு செமிடோன் ஏற்ற வேண்டும். பிளாட் இருந்தால் ஒரு செமிடோன் இறக்க வேண்டும். நச்சுரல் இருந்தால் ஏற்றாமல் இறக்காமல் அந்த எழுத்தின் சொந்த இடத்திலேயே வாசிக்க வேண்டும். சி-யை ஏற்றினாலும் டி-யை இறக்கினாலும் விரல் அதே கறுப்புக் கட்டையில்தான் போய் நிற்கும்.

அப்படியென்றால் ஏன் இரண்டு பெயர்? இதற்கு விடை உங்கள் மகளிடமே இருக்கிறது. கர்நாடக சங்கீதத்தில் சுரத்தானங்கள் 12, அவற்றுக்குப் பெயர்கள் 16 என்று அவள் பாடமாக்கியிருப்பாள். சி-யைச் சட்ஜமாக (‘ச’) வைத்தால், டி-க்கும் ஈ-க்கும் நடுவில் உள்ள கறுப்புக் கட்டைக்கு ஷட்ஸ்ருதி ரிஷபம் (‘ரி’) என்றும் பெயர், சாதாரண காந்தாரம் (‘க’) என்றும் பெயர். 36ஆவது மேளமான, அதாவது தாய் ராகமான, சலநாட்டையில் அந்த இடம் ரிஷபம். ஏனென்றால் காந்தாரம் அதற்கு மேலே, அந்தர காந்தாரமாக நிற்கிறது. 22ஆவது மேளமான கரகரப்பிரியாவில் அதே இடம் காந்தாரம்; ரிஷபத்தின் இடத்தை டி எடுத்துவிட்டது. கரகரப்பிரியா பாடும்போது அந்தச் சுரத்தை யாராவது ‘ரி’ என்று பாடுவார்களா? பாட மாட்டார்கள். மேலைத்தேய முறைப்படி ஐந்து கோட்டில் எழுதும்போதும் இதே நியாயம்தான். சலநாட்டைக்கு அது டி ஷார்ப், கரகரப்பிரியாவுக்கு அது ஈ பிளாட்.

மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். சரளி வரிசை படித்த அதே மாயாமாளவகௌளையை, சி சுருதியில், ஐந்து கோட்டில் எழுதச் சொல்லுங்கள். சரியாக எழுதினால் சி, டி பிளாட், ஈ, எஃப், ஜி, ஏ பிளாட், பி என்று வரும். கோடு, இடைவெளி, கோடு, இடைவெளி என்று ஒழுங்காகப் படியேறும். ஏழு சுரம், ஏழு எழுத்து. இப்போது அதையே சி, சி ஷார்ப், ஈ, எஃப், ஜி, ஜி ஷார்ப், பி என்று எழுதிப் பார்க்கட்டும். சி இரண்டு தரம் ஒரே இடத்தில் குந்தியிருக்கும், டி இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கும். மேலே ஜி-யிலும் ஏ-யிலும் இதே கோளாறு. கீபோர்டில் வாசித்தால் இரண்டும் ஒரே சத்தம். ஆனால் இரண்டாவதைப் பார்த்து ஒருவரும் அதை ச ரி க ம என்று கண்டுபிடிக்க முடியாது. தாளில் இருக்கும் குறி, எந்தக் கட்டையை அமத்துவது என்று சொல்வதோடு நிற்பதில்லை. இது ரிஷபமா காந்தாரமா என்பதையும் சேர்த்தே சொல்கிறது. தாள் வாசிக்கப் பழகுவதில் இதைவிட முக்கியமான விஷயம் இல்லை என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கீபோர்ட் வாங்கிய உடனே பெற்றோர் கட்டைகளில் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். கறுப்புக் கட்டையில் ஷார்ப் பெயரை மட்டும் ஒட்டுகிறார்கள். சுருதிப் பெட்டியிலும் போன் செயலிகளிலும் பெரும்பாலும் ஷார்ப் பெயர்தான் தெரிகிறது. அதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு, கறுப்புக் கட்டையின் ‘உண்மையான’ பெயர் ஷார்ப், பிளாட் என்பது ஏதோ பட்டப் பெயர் என்ற நினைப்பு விழுந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் ஸ்டிக்கர் இருந்தால் தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

கேள்வி: லண்டன் தியரி முதலாம் தரத்துக்குப் படிக்கிறேன். ஒரு பாரில் (இரண்டு நிமிர்ந்த கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியில்) எஃப்-க்கு முன்னால் ஷார்ப் போட்டிருந்தால், அதே பாரில் பிறகு வரும் எஃப்-களையும் ஷார்ப்பாக வாசிக்க வேண்டுமா? அடுத்த பாரில்? மேல் எஃப்-க்கும் அது சேருமா?
(மாணவன், அரியாலை)

பதில்: தம்பி, சோதனையில் பிள்ளைகள் புள்ளி விடுகிற இடமே இதுதான். ஆறுதலாகப் பார்ப்போம்.

பாட்டின் நடுவே ஒரு சுரத்துக்கு முன்னால் வந்து ஒட்டும் குறி, அந்தப் பார் முடியும்வரை உயிரோடு இருக்கும். பார்க்கோட்டைத் தாண்டியதும் அதன் அதிகாரம் முடிந்தது. நான்கு கிராட்செட் (ஒவ்வொன்றும் ஓர் அடி நீளமுள்ள சுரம்) உள்ள ஒரு பாரை எடு: எஃப் ஷார்ப், ஜி, எஃப், ஏ. மூன்றாவதாக வரும் எஃப்-க்கு முன்னால் ஒன்றும் எழுதியிருக்காது. ஆனாலும் அது ஷார்ப்தான். அடுத்த பாரில் எஃப் வந்தால், அதற்குக் குறி இல்லையென்றால், அது சாதாரண எஃப். அதே பாருக்குள்ளேயே சாதாரண எஃப் வேண்டுமென்றால், எழுதுகிறவர் அதன் முன்னால் நச்சுரல் போட்டே ஆக வேண்டும்.

மேல் எஃப்-க்குச் சேராது. டிரெபிள் கிளெஃபில் (கோடுகளின் தொடக்கத்தில் போடும் உயர்சுரக் குறி) முதலாவது இடைவெளியில் ஒரு எஃப், மேலேயுள்ள ஐந்தாவது கோட்டில் இன்னொரு எஃப். இடைவெளியில் உள்ளதற்குப் போட்ட ஷார்ப், கோட்டில் உள்ளதைத் தொடாது. அந்தக் கோடு அல்லது அந்த இடைவெளி, அவ்வளவுதான் அதன் எல்லை. பாட்டின் தொடக்கத்தில், கிளெஃபுக்குப் பக்கத்தில் போடுகிற கீ சிக்னேச்சர் வேறு சாதி. அங்கே எஃப் கோட்டில் ஒரு ஷார்ப் இருந்தால் மேல், கீழ், நடு என்று எல்லா எஃப்-ம், எல்லாப் பாரிலும், மாற்றச் சொல்லும்வரை ஷார்ப்தான். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பாதே.

ஒரு விதிவிலக்கு உண்டு. பாரின் கடைசியில் உள்ள எஃப் ஷார்ப்பை டை என்ற வளைகோட்டால் அடுத்த பாரின் முதல் எஃப்-ஓடு கட்டியிருந்தால், சத்தம் அறுபடாமல் தொடர வேண்டும். ஆகவே பார்க்கோடு தாண்டியும் அது ஷார்ப்பாகவே நீளும். அந்தக் கட்டு முடிந்து அதே பாரில் புதிதாக ஒரு எஃப் வந்தால், அது பழையபடி சாதாரண எஃப்.

சில புத்தகங்களில் அடுத்த பாரின் தொடக்கத்தில், தேவையே இல்லாத இடத்தில், நச்சுரல் போட்டிருப்பார்கள். சிலர் அதை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். பிழை என்று நினைக்காதே. போன பாரின் ஷார்ப் உன் கையில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று தெரிந்து, அச்சிட்டவர் தருகிற நினைவூட்டல் அது. விதிப்படி கட்டாயமில்லை, ஆனால் முதல் முறை தாளைப் பார்த்து வாசிக்கிறவருக்குப் பெரிய உதவி.

எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வாயால் ‘எஃப் ஷார்ப்’ என்று எழுத்தை முதலில் சொல்கிறோம். தாளில் குறி முதலில், சுரம் பிறகு. பின்னால் போட்டால் வாசிக்கிறவர் சுரத்தை அடித்துவிட்டல்லவா குறியைக் காண்பார்? குறி, சுரத்தின் அதே கோட்டில் அல்லது அதே இடைவெளியில் இருக்க வேண்டும். பிளாட்டின் வயிறு, ஷார்ப்பின் நடுச்சதுரம், நச்சுரலின் நடுச்சதுரம், இவைதான் சரியான இடத்தில் விழ வேண்டியவை; வால் எங்கே நீண்டாலும் பரவாயில்லை. ஷார்ப்பில் நிமிர்ந்த கோடுகள் இரண்டும் நேராக, குறுக்குக் கோடுகள் இரண்டும் வலப்பக்கம் சற்று மேலேறி நிற்கும். ஏபிஆர்எஸ்எம் (லண்டன் இசைச் சோதனைச் சபை) தியரி இப்போது ஐந்தாம் தரம் வரை கணினியில் நடப்பதால், ‘வரைந்து பழகுவது எதற்கு?’ என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கையால் வரைந்த குறிதான் கண்ணில் பதியும். கொப்பி வாங்கு, ஐந்து கோடு அடித்துக்கொள், எழுது.

கேள்வி: எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடுகிறேன். நான்கு பிளாட் போட்ட ஞானப்பாட்டு வந்தால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. நான்கு பிளாட்டை முன்னால் போட்டுவிட்டு, நடுவில் நச்சுரலையும் ஏன் போடுகிறார்கள்? எந்தப் பாட்டு எந்தக் கீ என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகி, வட்டுக்கோட்டை)

பதில்: படபடப்பு வேண்டாம் தங்கச்சி. பிளாட் நான்கு இருந்தாலும் ஒன்றுமே இல்லாவிட்டாலும் தொண்டைக்கு ஒரே வேலைதான். குரலில் கறுப்பும் வெள்ளையும் கிடையாது. வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனையைத் தாளே பார்க்காமல் ராகம் பிசகாமல் பாடுகிற அதே ஆட்கள், நாலு குரல் பாட்டுப் புத்தகத்தைத் திறந்ததும் குரலை விழுங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ராக அறிவையே இங்கேயும் பாவிக்கலாம்.

சங்கராபரணத்தை எடுங்கள். மேலைத்தேயத்தார் மேஜர் என்பதும் இதே சுரங்களைத்தான். சி-யில் தொடங்கினால் வெள்ளைக் கட்டைகள் மட்டும் போதும். ஷார்ப்பும் இல்லை, பிளாட்டும் இல்லை. இனிப் பஞ்சமமான (‘ப’) ஜி-யைச் சட்ஜமாக வைத்து அதே சங்கராபரணத்தைப் பாடுங்கள். நிஷாதம் (‘நி’) வருகிற இடத்தில் எஃப் இருக்கிறது. ஆனால் அது தாழ்ந்த நிஷாதமான கைசிகி நிஷாதம். சங்கராபரணத்துக்கு உயர்ந்த நிஷாதமான காகலி வேண்டும். அதனால் எஃப்-ஐ ஏற்றி எஃப் ஷார்ப் ஆக்குகிறோம். இப்படி ஒவ்வொரு முறையும் சட்ஜத்தைப் பஞ்சமத்துக்கு மாற்ற மாற்ற, ஒரு ஷார்ப் கூடும். வரிசை எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ, பி. ஒவ்வொன்றும் முன்னதன் பஞ்சமம் என்று பார்த்துக்கொண்டால் இதைப் பாடமாக்கவே தேவையில்லை. புதிதாக வரும் ஷார்ப் எப்போதும் காகலி நிஷாதம். ஆகவே கீ சிக்னேச்சரில் கடைசி ஷார்ப்பைப் பாருங்கள். அதற்கு ஒரு செமிடோன் மேலே சட்ஜம்.

பிளாட் இதற்கு மறுவளம். சட்ஜத்தை மத்திமத்துக்கு (‘ம’) மாற்றுங்கள்: சி-யிலிருந்து எஃப். எஃப்-ஐச் சட்ஜமாக வைத்தால் மத்திமத்தின் இடத்தில் பி இருக்கிறது. அது உயர்ந்த மத்திமமான பிரதி மத்திமம், அப்படியே பாடினால் கல்யாணி ராகம் ஆகிவிடும். சங்கராபரணத்துக்குத் தாழ்ந்த மத்திமமான சுத்த மத்திமம் வேண்டும், எனவே பி-யை இறக்குகிறோம். புதிதாக வரும் பிளாட் எப்போதும் சுத்த மத்திமம். வரிசை பி, ஈ, ஏ, டி, ஜி, சி, எஃப். ஷார்ப் வரிசையைப் பின்பக்கமிருந்து வாசித்த மாதிரி. கடைசி பிளாட் மத்திமம் என்றால், அதற்கு முந்தைய பிளாட்தான் சட்ஜம். உங்கள் நான்கு பிளாட் பி, ஈ, ஏ, டி. கடைசிக்கு முந்தையது ஏ. எனவே கீ, ஏ பிளாட் மேஜர். ஒரே ஒரு பிளாட் இருந்தால் மட்டும் முந்தையது என்று ஒன்று இல்லை. அது எஃப் மேஜர் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பிளாட்டில் எஃப் மைனரும் (எஃப்-ஐச் சட்ஜமாகக் கொண்டு, காந்தாரம் தாழ்ந்து வரும் வகை) இருக்கலாம். பாஸ் குரலின் (ஆண்களின் தாழ்ந்த குரல்) கடைசிச் சுரத்தைப் பாருங்கள். அது எஃப் என்றால், நடுவில் ஈ நச்சுரலும் அடிக்கடி எட்டிப் பார்த்தால், பெரும்பாலும் மைனர்தான்.

இனி உங்கள் நச்சுரல் கேள்வி. இதில் ஒரு தவறான நம்பிக்கையை முதலில் எடுத்துவிட வேண்டும். நச்சுரல் என்றால் இறக்குவது என்று பலர் நினைத்திருக்கிறார்கள். ஷார்ப்பை நீக்கினால் சுரம் இறங்கும், சரி. பிளாட்டை நீக்கினால் சுரம் ஏறும்! பிளாட் கீயில் வரும் நச்சுரல் உங்களை மேலே கொண்டுபோகிறது. ஏ பிளாட் மேஜர் பாட்டில் இரண்டாவது வரி முடிகிற இடத்தில் டி நச்சுரல் வருகிறதா? பாட்டு சற்று நேரம் பஞ்சமத்துக்கு, அதாவது ஈ பிளாட்டுக்குக் குடிபோகிறது. டி நச்சுரல் அந்தப் புதுச் சட்ஜத்தின் காகலி நிஷாதம். எஃப் மைனரில் வரும் ஈ நச்சுரலும் அப்படியே, எஃப்-க்குப் போகத் துடிக்கிற நிஷாதம். இந்தச் சுரங்கள் பெரும்பாலும் ஆல்ட்டோ, டெனர் குரல்களுக்குத்தான் விழும். சோப்ரானோ மேலே மெட்டோடு போய்விடுவார்கள். ஆகவே அந்த நச்சுரலைப் பயந்து மெல்லப் பாடாதீர்கள். கொஞ்சம் உயர்த்தியே பிடியுங்கள். நீங்கள் தாழ்த்திப் பிடித்தால் முழுக் குழுவும் சுருதி இறங்கிவிடும்.

கேள்வி: ஈ ஷார்ப் என்று ஒன்று கிடையாது, அது எஃப்தான் என்று என் அண்ணா அடித்துச் சொல்கிறார். புத்தகத்தில் ஈ ஷார்ப் இருக்கிறதே?
(மாணவி, கொக்குவில்)

பதில்: இருக்கிறது பிள்ளை. ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லை, பி-க்கும் சி-க்கும் நடுவிலும் இல்லை. ஈ-யை ஒரு செமிடோன் ஏற்றினால் எஃப் கட்டையில் விரல் விழும். அண்ணா கட்டையைச் சொல்கிறார், புத்தகம் சுரத்தைச் சொல்கிறது. எஃப் ஷார்ப் மேஜரை எழுதிப் பார்: எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி, சி ஷார்ப், டி ஷார்ப், ஈ ஷார்ப். ஏழாவதை எஃப் என்று எழுதினால் எஃப் இரண்டு வந்துவிடும், ஈ காணாமல் போய்விடும். ஜி பிளாட் மேஜரில் சி பிளாட் வருவதும் இதே காரணத்தால்தான்; அது பி கட்டை.

இன்னும் ஒரு படி போகலாம். ஜி ஷார்ப் மைனரில் எஃப் ஏற்கெனவே ஷார்ப். அதைக் காகலி நிஷாதமாக்க இன்னும் ஒரு செமிடோன் ஏற்ற வேண்டும். அதற்கு டபிள் ஷார்ப் என்ற குறி, ஒரு சின்னப் பெருக்கல் அடையாளம் போல இருக்கும். கட்டை ஜி, பெயர் எஃப் டபிள் ஷார்ப். இரண்டு செமிடோன் இறக்குவதற்கு இரண்டு பிளாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவார்கள். இதெல்லாம் வெள்ளைக்காரரின் வீண் சிக்கல் என்று அண்ணா சொல்லக்கூடும். அவருக்கு முதலாவது மேளமான கனகாங்கியைக் காட்டு. அதில் சுத்த ரிஷபம், சுத்த காந்தாரம், சுத்த தைவதம், சுத்த நிஷாதம். ஐந்து கோட்டில் எழுதினால் சி, டி பிளாட், ஈ டபிள் பிளாட், எஃப், ஜி, ஏ பிளாட், பி டபிள் பிளாட். டி கட்டையைக் ‘க’ என்று பாட எங்கள் பெரியவர்கள் தயங்கவில்லை.

கேள்வி: பிளாட் குறி ஏன் ஆங்கிலச் சின்ன பி எழுத்தைப் போல இருக்கிறது? இவற்றை யார் உண்டாக்கினார்கள்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி)

பதில்: அது பி-யேதான் ஐயா. 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த குயிடோ என்ற துறவியின் காலத்துத் தேவாலய இசையில், பி என்ற ஒரு சுரத்துக்கு மட்டும் இரண்டு இடம் இருந்தது. தாழ்ந்த பி-யை வட்ட வயிற்றோடு எழுதினார்கள். அதை மென்மையான பி என்றார்கள். உயர்ந்த பி-யைச் சதுர வயிற்றோடு எழுதினார்கள்; அது கடினமான பி. வட்ட பி இன்றைய பிளாட் ஆயிற்று. சதுர பி-யிலிருந்து நச்சுரலும் ஷார்ப்பும் பிரிந்து வந்தன. நச்சுரலை உற்றுப் பார்த்தால் அந்தச் சதுரம் இன்னும் தெரியும். பிறகு மற்ற எழுத்துகளுக்கும் இந்தக் குறிகள் பரவின.

ஜெர்மன்காரர் இன்றுவரை பி பிளாட்டைத்தான் பி என்கிறார்கள். எங்கள் பி நச்சுரலுக்கு அவர்கள் வைத்த எழுத்து எச். அதனால்தான் பாக் (Bach) என்ற ஜெர்மன் இசை மேதையால் தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் சுரங்களாக எழுத முடிந்தது: பி பிளாட், ஏ, சி, பி நச்சுரல். ஜெர்மனியில் அச்சான பழைய புத்தகம் கையில் கிடைத்தால் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கர்நாடக வயலின் வாசிக்கிறேன், இப்போது மேலைத்தேய முறையும் பழகுகிறேன். பியானோவில் ஜி ஷார்ப்பும் ஏ பிளாட்டும் ஒன்று. வயலினிலும் ஒன்றா?
(மாணவர், மருதனார்மடம்)

பதில்: நல்ல கேள்வி. பியானோவில் ஒன்றுதான். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமமான படிகளாகப் பிரித்துச் சுருதி சேர்த்திருக்கிறார்கள். நடு ஏ 440 ஹெர்ட்ஸ் என்றால் அடுத்த கறுப்புக் கட்டை ஏறக்குறைய 466. அதை ஏ ஷார்ப் என்றாலும் பி பிளாட் என்றாலும் கம்பி ஒன்றுதான், மாற முடியாது.

வயலினில் முதலில் விரலே மாறுகிறது. மேலைத்தேய முறையில் டி தந்தியில் மூன்றாம் விரல் ஜி, நான்காம் விரல் ஏ. ஜி ஷார்ப் என்று எழுதியிருந்தால் மூன்றாம் விரலை ஏற்றி வைப்பீர்கள். ஏ பிளாட் என்று எழுதியிருந்தால் நான்காம் விரலை இறக்கி வைப்பீர்கள். பெயர்தான் விரலைத் தீர்மானிக்கிறது. பிறகு இடமும் இழையளவு நகரும். ஏ-க்குப் போகப் போகிற ஜி ஷார்ப்பை நல்ல வாத்தியக்காரர் ஏ-யை நோக்கிச் சற்று உயர்த்தியே பிடிப்பார்.

ஐரோப்பாவில் சமப்படிகள் பரவுவதற்கு முன்பு, ஓகன்களைச் சுருதி சேர்த்த ஒரு முறையில் இந்த இரண்டும் வேறு வேறு சத்தங்களாகவே இருந்தன. அதில் ஏ பிளாட் உயரம், ஜி ஷார்ப் தாழ்வு. இரண்டும் வேண்டுமென்று கறுப்புக் கட்டையை முன்பாதி, பின்பாதி என்று பிளந்து செய்த ஓகன்களும் உண்டு. ஆக, இரண்டு பெயர் என்பது ஒரு காலத்தில் காதால் கேட்கக்கூடிய வித்தியாசம்.

உங்களைப் போல இரண்டு முறையும் பழகுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்து கோட்டை வாசிக்கப் பழகுங்கள், நன்றாகப் பழகுங்கள். ஆனால் தோடி ராகத்தை அதில் எழுதி வைத்து அதிலிருந்து படிக்கப் போகாதீர்கள். தோடியின் காந்தாரத்தை ஈ பிளாட் என்று எழுதலாம், பிழையில்லை. அந்தக் காந்தாரம் ஆடுகிற ஆட்டத்தை எந்த பிளாட்டும் சொல்லாது. அதைக் குருவின் வாயிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கேள்வி: மகன் கோவில் பஜனைக் குழுவுக்குக் கீபோர்ட் வாசிக்கிறான். பாடுகிற அம்மா ‘ஐந்தரைக் கட்டை’ என்றார். அது மேலைத்தேயப் பெயரில் என்ன? சுருதியை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அமத்திச் சமாளிக்கலாமா?
(ஒரு தகப்பன், நெல்லியடி)

பதில்: சி ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. நடுவில் உள்ள கறுப்புக் கட்டைகள் அரைகள். மூன்றரைக் கட்டை என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்பு இல்லையே. ஐந்தரை என்பது ஜி-க்கும் ஏ-க்கும் நடுவில் உள்ள கறுப்புக் கட்டை. பெண் குரலுக்கு வழக்கமான சுருதி.

பஜனையில் பக்க வாத்தியமாக வாசிக்க டிரான்ஸ்போஸைப் பாவிக்கட்டும், குற்றமில்லை. சி-யில் வாசித்தால் ஐந்தரைக் கட்டை கேட்க, அதை மைனஸ் 4-இல் வைக்க வேண்டும். ஆனால் தாள் பார்த்துப் படிக்கிற நேரத்தில் அந்தப் பொத்தானைத் தொட விடாதீர்கள். கண் சி-யைப் பார்க்க, காது வேறொன்றைக் கேட்டால், இரண்டும் ஒன்றையொன்று நம்பாமல் போய்விடும்.

அந்த அம்மாவின் பாட்டை மகன் ஐந்து கோட்டில் எழுதி வைக்க விரும்பினால், சுருதிப் பெட்டி ஜி ஷார்ப் என்று காட்டினாலும், ஏ பிளாட் மேஜர் என்றே எழுதச் சொல்லுங்கள். நான்கு பிளாட்டோடு வேலை முடிந்துவிடும். ஜி ஷார்ப் மேஜர் என்று தொடங்கினால் ஆறு ஷார்ப்பும் ஒரு டபிள் ஷார்ப்பும் வேண்டிவரும். அப்படி ஒரு கீ சிக்னேச்சரை யாரும் வழக்கத்தில் எழுதுவதில்லை.